டியூப் லைட்டைத் துடைத்தவள்

சாய்மாவுக்கு அழுக்கைக் கண்டால் கை சும்மா இருக்காது. ஸ்டாஃப் ரூமில் என் மேசையையும் சேர்த்துத் துடைத்த பிறகுதான் டிபன் பாக்ஸைத் திறப்பாள். நான் தமிழ்த் துறை, அவள் தாவரவியல். இரண்டு பேரும் கௌரவ விரிவுரையாளர்கள். கௌரவமெல்லாம் பெயரோடு சரி, உட்கார நாற்காலி தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். அப்படி ஒருநாள் ஒரே மேசைக்கு வந்து சேர்ந்தவர்கள், சிநேகிதமாகிவிட்டோம். என்னை ஷண்முகப்ரியா என்று முழுசாகக் கூப்பிட அவளுக்குப் பொறுமை கிடையாது. ஷண்மு என்று பாதியில் வெட்டிவிட்டாள்.

சாய்மாவின் வீடு மயிலாப்பூரில், கச்சேரி சாலைக்குப் பின்னால். கணவர் காஷிஃப் பாண்டி பஜாரில் செல்போன் உறை விற்கிறார். மகள் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்த பிறகுதான் சாய்மா முனைவர் பட்டத்துக்குப் பதிவு செய்தாள். கூடப் படித்தவர்கள் எல்லாம் பேராசிரியர் ஆகிவிட்ட வயதில் இவள் குடுவையில் பச்சைத் தண்ணீரை வைத்துக்கொண்டு குலுக்கிக்கொண்டிருந்தாள். அவள் அம்மா அன்வரி பேகத்துக்கு இதில் பெரிய மனக்குறை. "ஊர்ல எல்லாரும் பாசிய சொரண்டி எறியறாங்க, என் பொண்ணு அதுக்கு ஏசி போட்டு வளக்கறா" என்று என்னிடமே சொல்லியிருக்கிறார்.

பட்டம் இல்லாவிட்டால் நிரந்தர வேலைக்கு விண்ணப்பம்கூடப் போட முடியாது. சாய்மாவுக்கு அது ஒரு காரணம். ஆனால் அதுதான் முழுக் காரணம் என்று சொன்னால் பொய் சொன்னவளாவேன். அவளுக்கு அந்தப் பச்சைத் தண்ணீர் பிடித்திருந்தது. அவ்வளவுதான்.

எனக்கு விஞ்ஞானம் என்றால் பள்ளிக்கூடத்திலேயே ஆகாது. ஆனால் எதிரில் உட்கார்ந்து வருடக்கணக்காக ஒருத்தி பேசினால் எதுதான் காதில் ஏறாது? அவள் வளர்ப்பது நீலப்பச்சை பாக்டீரியா. தெப்பக்குளத்துப் படியில் காலை வாரிவிடுகிறதே பச்சையாக ஒன்று, அந்தக் குடும்பத்துச் சொந்தம். செடிகொடி எல்லாம் வருவதற்கு முன்னாலேயே வெயிலைச் சாப்பாடாக்கக் கற்றுக்கொண்ட ஜீவன். இவ்வளவும் நான் மனப்பாடமாகச் சொல்வேன்.

"அதுக்குள்ள ஒரு புரதம் இருக்கு ஷண்மு, டி-ஒன்னு பேரு. வெயில புடிச்சு தண்ணிய ஒடைக்கற எடத்துல நடுநாயகமா உக்காந்திருக்கறது அதுதான். ஆனா செய்யும்போதே பின்னாடி ஒரு வால் வெச்சு செஞ்சிடும். அந்த வால ஒரு நொதி வந்து வெட்டணும். வெட்டினாத்தான் மாங்கனீசு போயி அங்க ஒழுங்கா உக்காரும். இல்லேன்னா தண்ணிய ஒடைக்க முடியாது, எல்லாம் தண்டம்."

"வாலே இல்லாம செஞ்சா வெட்டற வேலை மிச்சமாச்சே" என்றேன்.

"அதத்தான்டி ஒலகமே கேட்டுக்கினு இருக்கு."

எனக்கு விளங்குவதற்காக அவளே ஒரு உதாரணமும் கண்டுபிடித்தாள். பாண்டி பஜாரில் புதுச் சட்டை வாங்கினால் காலருக்குள் அட்டை இருக்கும், மடிப்பில் குண்டூசி இருக்கும். அதையெல்லாம் பிடுங்காமல் யாரும் சட்டையை மாட்டிக்கொள்வதில்லை. அந்த நொதியின் வேலை குண்டூசி பிடுங்குவது. எனக்குச் சட்டென்று புரிந்துவிட்டது, ஏனென்றால் என் தம்பி ஒருமுறை பிடுங்காமல் மாட்டிக்கொண்டு அலறியிருக்கிறான்.

இன்னொன்றையும் அன்று சொன்னாள். இந்தப் பிழைப்பில் வெயில்தான் சோறு, வெயில்தான் அடி. எந்த வெளிச்சம் அந்த ஜீவனுக்கு உணவு தருகிறதோ அதே வெளிச்சம் டி-ஒன்னைச் சிதைத்துக்கொண்டே இருக்கும். சிதைந்ததை எடுத்துப் போட்டுவிட்டுச் செல் புதிது செய்யும். செய்கிற ஒவ்வொரு புதுசும் வாலோடுதான் வரும். ஆகவே வால் வெட்டுகிறவருக்கு ஓய்வே கிடையாது.

இந்தக் கதையில் நடந்தது எல்லாமே இந்த ஒரு விஷயத்தைச் சுற்றித்தான்.

சாய்மாவின் நெறியாளர் பேராசிரியை நீரஜா. மயிலாப்பூர்க்காரர், கறார் பேர்வழி, நன்றாகப் பாடம் எடுப்பார். சில வருடங்களுக்கு முன் அவர் அந்த பாக்டீரியாவில் ஒரு புது வகையை உருவாக்கினார். வால் வெட்டும் நொதி அதில் மிகக் குறைவாகவே சுரக்கும். அதற்கு என்-ஏழு என்று பெயர். நொதி இவ்வளவு குறைந்தும் என்-ஏழு சாகவில்லை. மெதுவாக வளர்ந்தது, அவ்வளவுதான். ஆகவே இந்த நொதி கொஞ்சம் இருந்தாலே போதும் என்று மேடம் கட்டுரை எழுதினார், வெளிநாட்டு ஆய்விதழ் ஒன்று அதை ஏற்றுக்கொண்டது. அதன் முதல் பக்கம் சட்டம் போட்டு அவர் அறையில் தொங்கும். கேட்ட ஊர்களுக்கெல்லாம் என்-ஏழைச் சின்னக் குப்பியில் அடைத்து அனுப்பிவைத்தார்கள்.

சாய்மாவின் ஆய்வேடு முழுக்க என்-ஏழின் மீது கட்டிய வீடு. எல்லா வேலையும் முடிந்து, எழுதியும் ஆகிவிட்டது. ஆய்வுக்குழு கடைசியாக ஒன்று கேட்டது. வளர்ச்சிக் கணக்கை மட்டும் புதிதாக ஒருமுறை செய்து காட்டிவிடுங்கள், அனுப்பிவிடலாம் என்றார்கள். சாய்மாவுக்கு அது தூங்கிக்கொண்டே செய்கிற வேலை. பழைய குடுவைகளையெல்லாம் கழுவிக் கவிழ்த்தாள். இடையில் ஆயுத பூஜை வந்தது.

எங்கள் கல்லூரியில் ஆயுத பூஜை என்றால் துறைக்குத் துறை போட்டி. நுண்ணோக்கிக்குச் சந்தனம், ஃப்ரிட்ஜுக்குக் குங்குமம், ஜெராக்ஸ் மெஷினுக்கு மாலை. வருடா வருடம் ஆசிரியர்கள் ஊருக்குப் போய்விடுவார்கள். தாவரவியல் துறையில் மிஞ்சுவது உதவியாளர் முத்துகிருஷ்ணனும் சாய்மாவும். இரண்டு பேரும் ஒப்பந்தம் போட்டிருந்தார்கள். அவர் பொட்டு வைப்பார், இவள் துடைப்பாள்.

பாக்டீரியா வளர்க்கிற கல்ச்சர் ரூமுக்குள் மட்டும் யாரும் கை வைக்க மாட்டார்கள், ஏனென்றால் எப்போதும் எதுவோ ஒன்று வளர்ந்துகொண்டிருக்கும். அந்த வருடம்தான் அடுக்குகள் காலியாகக் கிடந்தன. சாய்மா அண்ணாந்து பார்த்திருக்கிறாள். மூன்று தட்டு இரும்பு அடுக்கு, தட்டுக்குத் தட்டு டியூப் லைட். விளக்கு முழுக்கக் கறுப்பாகத் தூசி. கல்லூரி நந்தனத்துக்கும் தேனாம்பேட்டைக்கும் நடுவே அண்ணா சாலையைப் பார்த்தபடி இருக்கிறது. சாலையில் மெட்ரோ வேலைக்குத் தோண்ட ஆரம்பித்ததிலிருந்து எங்கள் டிபன் பாக்ஸுக்குள்ளேயே மண் இருக்கும். விளக்கு எம்மாத்திரம். அவள் ஸ்டூல் போட்டு ஏறி, ஈரத்துணியால் மேல் தட்டு விளக்குகளைத் துடைத்தாள். நடுத்தட்டையும் துடைத்தாள். கீழ்த்தட்டுக்குக் குனியும்போது வாசலில் முத்துகிருஷ்ணன் வந்து நின்றார்.

"இன்னாம்மா இன்னும் தொடச்சிக்கினு கீற. சுண்டல் ஆறிக்கினு கீது, பூசணிக்காய் வேற ஒடைக்கணும். வாம்மா."

சாய்மா துணியைப் போட்டுவிட்டு எழுந்து போனாள். எனக்குக்கூட ஒரு பொட்டலம் பொரி வந்தது.

விடுமுறை முடிந்து புதுக் குடுவைகளை மேல் தட்டில் அடுக்கினாள். ஒரு வரிசை சாதாரண வகை, ஒரு வரிசை என்-ஏழு. ஒவ்வொன்றிலும் உபரியாக ஒரு குடுவையைக் கீழ்த்தட்டில் ஓரமாக வைத்தாள். அது அவள் வழக்கம், மேலே ஏதாவது கெட்டுப்போனால் உதவும் என்று.

வாரம் திரும்புவதற்குள் என்-ஏழு மஞ்சளாகியது. பிறகு நீர்மோர் மாதிரி வெளுத்துவிட்டது. பக்கத்திலேயே சாதாரண வகை மட்டும் தளதளவென்று செழித்தது. துடைத்த துணியில் சோப்பு இருந்திருக்குமோ என்று சந்தேகப்பட்டாள். சோப்பு என்றால் இரண்டையும்தானே கொன்றிருக்கும்? திரும்ப வளர்த்தாள். திரும்ப வெளுத்தது.  சாப்பாட்டு நேரத்தில் என் மேசையைத் துடைக்காமலே டிபன் பாக்ஸைத் திறந்தாள்.

நீரஜா மேடம் அவளைக் கூப்பிட்டனுப்பினார். நானும் கூடப் போய் வெளியே நின்றேன். கதவு சாத்தவில்லை.

"அதே ஸ்ட்ரெய்ன், அதே ரூம், அதே நீ. அன்னிக்கு வளர்ந்தது, இன்னிக்குச் சாகறது. ரெண்டும் நெஜமா இருக்க முடியாது சாய்மா. நான் கமிட்டில என்னன்னு சொல்லிண்டு நிப்பேன்?"

"நான் எதையும் மாத்தி எழுதலை மேடம்."

"எழுதினேன்னு நான் சொல்லலையே. கேக்கறவா என்ன நெனைப்பான்னு சொல்றேன்."

மேடம் அதட்டவில்லை. அதுதான் இன்னும் மோசம். கள்ளக் கணக்கு எழுதியவள் என்ற பேச்சு ஆய்வுக்கூடத்தில் ஒருமுறை ஒட்டிக்கொண்டால் பிறகு எந்தத் தண்ணீராலும் போகாது. பட்டம் மட்டும் போகிற விஷயமில்லை, பெயரே போய்விடும். சாய்மா வெளியே வந்து, "வா, அந்த செத்ததையெல்லாம் கொட்டிடலாம்" என்றாள்.

கல்ச்சர் ரூமில் நான் வாளியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவள் ஒவ்வொரு குடுவையாக ஊற்றினாள். மேல் தட்டு காலியானது. கீழே வைத்த உபரியையும் எடுத்து ஊற்றக் குனிந்தவள் குனிந்தபடியே இருந்தாள். பிறகு தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"இன்னாடி ஆச்சு?" என்றேன்.

"இது பச்சையா இருக்குடி."

பார்த்தேன். இளம்பச்சை. கொஞ்சம் சோகை பிடித்த பச்சைதான், ஆனால் உயிருள்ள பச்சை. லேபிளைத் திருப்பினாள். என்-ஏழு. மேலே இருந்ததும் இதுவும் ஒரே நாளில், ஒரே கையால், ஒரே கரைசலில் போட்டவை. கீழ்த்தட்டு விளக்கின் மேல் விரலை ஓட்டினாள். விரல் கறுப்பாக வந்தது. விரலைப் பார்த்தாள், மேல்தட்டுப் பளபள விளக்கைப் பார்த்தாள், மறுபடி விரலைப் பார்த்தாள்.

"ஷண்மு, நான்தான்டி சரியான டியூப் லைட்டு."

அப்புறம் சிரிக்க ஆரம்பித்தாள். சிரிப்பு பாதியில் அழுகையாகியது. வாளியைக் கீழே வைத்துவிட்டு நானும் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன். விஷயம் எனக்கே புரிந்துவிட்டிருந்தது. தூசி படிந்த விளக்கில் வெளிச்சம் குறைவு. வெளிச்சம் குறைந்தால் டி-ஒன்னுக்கு அடியும் குறைவு, புதிது செய்ய வேண்டியதும் குறைவு. என்-ஏழிடம் இருக்கிற கொஞ்ச நொதி மெல்ல மெல்ல வால் வெட்டி ஒப்பேற்றிவிடும். விளக்கைத் துடைத்தவுடன் அடி அதிகம். செல் அவசர அவசரமாகப் புதுசு புதுசாகச் செய்து தள்ளும், எல்லாம் வாலோடு. வெட்டுவதற்கு ஆள் போதாது. சாதாரண வகைக்கு வெட்டுகிறவர்கள் நிறைய, அதனால் அது வந்த வெளிச்சத்தைச் சாப்பிட்டுக் கொழுத்தது. சுத்தம் சோறு போடும் என்பார்கள். இங்கே சுத்தம் ஒருவருக்குச் சோறு போட்டது, இன்னொருவரைக் கொன்றது.

அடையாறில் ஓர் ஆய்வு நிறுவனத்தில் தெரிந்தவர் மூலம் ஒளிமானி இரவல் வாங்கி வந்தாள். எங்கள் கல்லூரியில் இருந்தது எப்போதோ கண்ணை மூடிவிட்டது. அளந்து பார்த்ததில் துடைத்த விளக்கு துடைக்காததைப் போலக் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. உடனே அவளுக்குச் சந்தேகம் போய் ஆசை வந்துவிட்டது. எல்லா விளக்கையும் துடைத்தாள். பட்டர் பேப்பர் வாங்கி, ஒரு விளக்குக்கு ஒரு சுற்று, இன்னொன்றுக்கு இரண்டு சுற்று என்று சுற்றிப் படிப்படியாக வெளிச்சத்தைக் குறைத்தாள். ஒவ்வொன்றின் கீழும் குடுவை வைத்தாள். பிரகாசத்தில் என்-ஏழு வெளுத்தது, மங்கலில் பிழைத்தது, நடுவில் திண்டாடியது. வெளுத்த செல்லை உடைத்துப் பார்த்தால் உள்ளே வெட்டாத வாலோடு டி-ஒன் குவிந்து கிடந்தது. இந்த நொதி கொஞ்சம் இருந்தால் போதும் என்பது நிழலில் இருக்கிறவரைக்கும்தான். வெயிலில் நின்று வாழ வேண்டுமென்றால் முழுசாக வேண்டும்.

நல்ல கண்டுபிடிப்பு. பழைய ஆய்வேட்டைவிடப் பல மடங்கு நல்லது. அவள் அதைச் சொன்ன அன்று சோறே இறங்கவில்லை, கைகளை ஆட்டி ஆட்டிப் பேசிக்கொண்டிருந்தாள். நான் அவ்வளவு சந்தோஷமாக அவளைப் பார்த்ததில்லை.

ஆனால் கிணறு வெட்டப் பூதம் கிளம்பிய கதையாகிவிட்டது. மேடத்தின் கட்டுரையில் வெளிச்சத்துக்கு ஓர் அளவு போட்டிருந்தார். அது விளக்கு புதிதாக இருந்தபோது அளந்தது. சோதனை செய்ததோ தூசி ஏறிய பிறகு. ஆகக் கட்டுரையில் சொன்ன வெளிச்சத்தில் என்-ஏழு உயிரோடு இருக்கவே இருக்காது. யாராவது அந்தக் கட்டுரையை நம்பி, அதே அளவு வெளிச்சம் வைத்து வளர்த்தால் செத்துத்தான் போகும்.

சாய்மா போய் எல்லாவற்றையும் மேடத்திடம் காட்டினாள். கட்டுரைக்குத் திருத்தம் அனுப்பலாம் என்றாள்.

நீரஜா மேடம் வரைபடங்களை வெகுநேரம் பார்த்தாராம். "ரொம்ப நன்னா பண்ணியிருக்கே" என்றாராம். மனதாரச் சொன்னார் என்றுதான் சாய்மா சொன்னாள். பிறகு, "தீசிஸ்ல எழுதிக்கோ. ஜர்னலுக்குத் திருத்தம் அப்புறம் பார்க்கலாம்."

பார்க்கலாம் என்ற சொல்லுக்கு அகராதியில் என்ன பொருள் இருந்தாலும் சென்னையில் ஒரே பொருள்தான். முடியாது என்பதை முகத்தில் அடிக்காமல் சொல்வது.

"வுட்டுருடி" என்றேன் நான். "மொதல்ல டாக்டர் பட்டத்த வாங்கு. கையெழுத்து போட வேண்டியது அவங்க. அப்புறம் நீயே திருத்தம் எழுதிக்கோ, யார் கேக்கப்போறா." இன்றைக்குக் கேட்டாலும் அப்படித்தான் சொல்வேன். ஆற்றில் இறங்கிவிட்டு முதலையோடு சண்டை வேண்டாம் என்பது என் கட்சி.

"அந்தக் குப்பிய ஊரு ஊரா அனுப்பியிருக்கோம் ஷண்மு. எவளாச்சும் ஒருத்தி இந்நேரம் அத வெச்சுக்கினு முழிச்சிக்கினு இருப்பா."

அவள் மேடத்தை மீறவில்லை. ஆனால் ஆய்வேட்டின் சுருக்கத்தில், முதல் பத்தியிலேயே, என்-ஏழுக்கு முன்பு குறிப்பிட்ட ஒளியளவு சரியல்ல, தூசியால் குறைந்திருந்தது என்று எழுதினாள். மேடம் படித்தார், அந்தப் பத்தியை மறுபடி படித்தார், கையெழுத்துப் போட்டார். வாய்மொழித் தேர்வுக்கு நாள் குறித்ததும் அழைப்போடு சேர்ந்து அந்தச் சுருக்கம் பல கல்லூரிகளுக்குப் போயிற்று, அங்கிருந்து வாட்ஸ்அப் குழுக்களுக்கும் போயிற்று. யார் படிக்கப்போகிறார்கள் என்று நான் நினைத்தேன்.

எங்கள் ஊர்ப் பொது வாய்மொழித் தேர்வைப் பற்றித் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. யார் வேண்டுமானாலும் வந்து உட்காரலாம், யார் வேண்டுமானாலும் கேள்வி கேட்கலாம் என்பது சட்டம். நடைமுறையில் கேட்கப்போகிறவர்களும் கேள்விகளும் முன்கூட்டியே தீர்மானமாகிவிடும். எனக்கு ஒதுக்கியிருந்த கேள்வி, இந்த ஆய்வினால் சமூகத்துக்கு என்ன பயன் என்பது. காலையிலிருந்து சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அன்வரி பேகம் புது துப்பட்டாவில் முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தார். திரையில் பச்சைக் குடுவை வந்தபோதெல்லாம் பக்கத்திலிருந்த எனக்கு, "இதுதான்" என்று காட்டினார். காஷிஃப் வெளியே சமோசாவோடு காவல். சாய்மா நன்றாகப் பேசினாள். மெட்ரோ தூசி என்று அவள் சொன்னபோது ஹால் சிரித்தது, புறத்தேர்வாளரும் சிரித்தார். நீரஜா மேடம் மட்டும் தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். தேர்வாளர் நாலைந்து கேள்விகள் கேட்டார், அவள் பதில் சொன்னாள். பிறகு அவையைப் பார்த்து, "வேறு யாராவது?" என்றார். நான் தொண்டையைக் கனைத்துக்கொண்டு எழுந்திருக்கப் போனேன்.

நான் எழுவதற்குள் கடைசி வரிசையில் ஒரு பெண் எழுந்துவிட்டாள். இருபத்தைந்து வயது இருக்கும். தோளில் பயணப் பை. எங்கள் கல்லூரி இல்லை. யார் என்று கேட்கும் பாவனையில் சாய்மா என்னைப் பார்த்தாள். எனக்கும் தெரியவில்லை.

"மேடம், எம் பேரு அனுப்ரியா. வாட்ஸ்அப்ல உங்க சுருக்கத்தப் பாத்துட்டு கோயமுத்தூர்ல இருந்து வர்றேனுங்க. எங்க லேபுக்கு நீங்க என்-ஏழு அனுப்பியிருந்தீங்க. அத வளத்தறதுதான் என்னோட மொத வேலை." பையைத் தோளில் ஏற்றிக்கொண்டாள். "ரெண்டு வருசமா வளத்தினேனுங்க. பேப்பர்ல போட்ட அதே லைட்டு வெச்சேன். ஒவ்வொரு தடவையும் வெள்ளையாப் போயிருச்சு. சென்னைல வளருது, உன்ற கையிலதான் சாகுதுன்னாங்க. எனக்குக் கைராசி இல்லேன்னு வேற எதையுமே தொடச் சொல்றதில்லைங்க. போன மாசத்தோட நின்னுட்டேன். நான் என்னங்க தப்பு பண்ணுனேன்?"

 இது யாரும் எழுதிக்கொடுத்த கேள்வி இல்லை என்று எல்லாருக்கும் தெரிந்துவிட்டது. தேர்வாளர் கண்ணாடியைக் கழற்றினார். சாய்மா பதில் சொன்னால் மேடத்தின் கட்டுரை தப்பு என்று மேடத்தின் முன்னாலேயே, தேர்வாளர் முன்னாலேயே வாய்விட்டுச் சொல்ல வேண்டும். முடிவு அறிவிக்க இன்னும் மேடமும் கையெழுத்துப் போட்டாக வேண்டும். மழுப்பினாலும் யாரும் குறை சொல்லப்போவதில்லை. 

சாய்மா மேடையிலிருந்து இறங்கி அந்தப் பெண்ணுக்கு நேரே வந்து நின்றாள்.

"உங்க லேப்ல லைட்ட எப்பெப்போ தொடைப்பீங்க?"

"வாரா வாரம் தொடைப்பனுங்க. நானேதான்."

"நீ ஒரு தப்பும் பண்ணலம்மா" என்றாள் சாய்மா. "அந்த வெளிச்சத்துல அது செத்துத்தான் ஆவணும். நீ சரியா செஞ்ச, அதான் செத்துச்சு. எங்க லைட்டுதான் அழுக்கு. நாங்கதான் அளவ தப்பா சொல்லிட்டோம்."

நாங்கள் என்றாள். மேடம் என்று சொல்லவில்லை. அப்போது நீரஜா மேடம் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தார். பாடம் எடுக்கிற குரலிலேயே பேசினார், அதனால் கடைசி வரிசை வரைக்கும் கேட்டது.

"நாங்கள்னு அவ பெருந்தன்மையா சொல்றா. அந்த அளவை எழுதினது நான். திரும்ப அளக்காம விட்டதும் நான். சாய்மா திருத்தம் போடணும்னு கேட்டா, நான்தான் தள்ளிப் போட்டுண்டே இருந்தேன். இன்னிக்கு சாயங்காலம் திருத்தம் போயிடும்." அந்தப் பெண்ணைப் பார்த்தார். "உன் கைடுக்கு நானே போன் பண்ணி சொல்றேன். அந்த ரெண்டு வருஷத்து ரிசல்ட்டைத் தூக்கிப் போட்டுடாதே, எடுத்துண்டு வா. சாய்மா கண்டுபிடிச்சதுக்கு வெளியில இருந்து கெடைச்சிருக்கற மொத சாட்சி நீதான்."

அனுப்ரியா உட்கார்ந்து பையில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். தேர்வாளர் கண்ணாடியைத் திரும்ப மாட்டிக்கொண்டு, தமக்கு மேற்கொண்டு கேள்வி இல்லை என்றார். பட்டத்துக்குப் பரிந்துரைக்கிறேன் என்று அறிவித்ததும் கைதட்டினார்கள். என்ன நடந்தது என்று புரியாமலே அன்வரி பேகம் அழுதார். சமூகத்துக்கு என்ன பயன் என்ற கேள்வியை நான் கேட்கவே இல்லை.

வெளியே வராந்தாவில் ஒரே கூட்டம். காஷிஃப் ஆளுக்கு இரண்டு சமோசா திணித்துக்கொண்டிருந்தார். சாய்மாவைக் கட்டிப்பிடித்து, "டாக்டரம்மா" என்றேன். அவள் என் தோளுக்கு மேலே வேறு எங்கோ பார்த்துக்கொண்டிருந்தாள். நானும் திரும்பினேன். மாடிப்படிக்குப் பக்கத்தில் சுவரைப் பார்த்து நின்றபடி அனுப்ரியா போனில் பேசிக்கொண்டிருந்தாள். சாலை இரைச்சலில் அந்தப் பக்கத்துக்குச் சரியாகக் கேட்கவில்லை போலிருக்கிறது, சத்தமாகத்தான் பேசினாள்.

"எம் மேல தப்பு இல்லையாம்மா. ஆமாம்மா, அவங்களே சொல்லிட்டாங்க. இல்லம்மா, தனியாக் கூப்புட்டு இல்ல. எல்லாரும் இருந்தாங்கம்மா. எல்லார்த்து முன்னாடியும் சொன்னாங்க."